ஆர்க்னியில் எட்டாவது குழி

காற்றுக்கு இங்கே விடுமுறை கிடையாது.
எல்ஸ்பெத் குனிந்து
ஈரமணலை ஒரு சிட்டிகை குவிக்கிறாள்.
அதன்மேல் பந்து:
ஏதோ மரம் வடித்த பால்,
அவள் அடுப்படியில் உருண்டு இறுகியது.

நூறு வயது ஹிக்கரி கோல் வளைகிறது.
அதன் தலை
ஒரு கணம் தாமதித்தே வரும்.
அவசரப்பட்டால் அவ்வளவுதான்.

டக்.

வழவழப்பான புதுப்பந்து
பத்தடி போய்த் தலைகுப்புற விழுந்தது.
தோர்ஃபின் சிரிக்கவில்லை.
அவனுடையது கடலில்.

பையைத் துழாவி
போன வாரம் அடிபட்டதை எடுக்கிறாள்.
முகமெல்லாம் வெட்டுத்தழும்பு.
அதுதான் நேரே போகிறது,
செம்மறிகளுக்கு மேலே,
கொடியையும் தாண்டி,
பாதிரியார் வீட்டு ஜன்னல்வரை.

கண்ணாடிச் சத்தம்
காற்றை எதிர்த்து வந்து சேர்வதற்குள்
இருவரும்
ஒன்பதாவதை நோக்கி நடக்கிறார்கள்,
கொஞ்சம் வேகமாகவே.