ஆறு விநாடி

குமாசி நகரில், அடூம் பகுதியில், மூன்றாம் மாடியில்
எனக்குச் சம்பளம் வானொலி கேட்பதற்கு.
கையில் நிறுத்துகடிகாரம். எதிரே கட்டம் போட்ட தாள்:
நேரம், நிலையம், சரக்கு, சொன்ன சொல், வேகம்.
பாட்டு வந்தால் தண்ணீர் குடிக்கலாம்.
விளம்பரம் வந்தால் இருமக்கூட யோசிப்பேன்.

டார்க்வாவின் குரல் வரும் ஐந்து நாற்பதுக்கு.
கெஜேட்டியாச் சந்தைத் தக்காளிக்காரி
அதைக் கேட்டுத்தான் பாயைச் சுருட்டுவாள்.
ட்ரோட்ரோ ஓட்டுநர் அதற்காக ஹார்னை அடக்குவான்.
தேனில் ஊறிய குரல் என்கிறார்கள். எனக்கு அது
புது மெத்தையில் பிரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் உறை.

"ஏழு வேர் டானிக்!
சர்க்கரையா? போச்சு.
ரத்தக் கொதிப்பா? போச்சு.
மூட்டுவலி, மலட்டுத்தனம், பரீட்சை பயம்,
போச்சு, போச்சு, போச்சு!"

கடைசியில் மட்டும்
நாக்கில் நெருப்பு வைத்தாற்போல்:
இதுமருத்துவர்ஆலோசனைக்குமாற்றல்ல
பலன்ஆளுக்காள்மாறும்மாத்திரையைநிறுத்தாதீர்கள்.

நாற்பத்துநான்கு விநாடி வாக்குறுதி.
ஆறு விநாடி சட்டம்.

பதினொரு முறை எழுதிக் கொடுத்தேன்.
பதினொரு தாளும் மேலதிகாரி மேசையில்
ஹர்மத்தான் தூசிக்குக் கீழே
ஒரே நிறமாகிப் போயின.

பிறகு வந்தாள் அச்சியா.
பன்டாமாவில் கென்கே விற்பவள்.
கணவனுக்கு இடது முழங்காலுக்குக் கீழே
இனி ஒன்றுமில்லை என்பதை
பாக்கிச் சில்லறை சொல்லும் குரலில் சொன்னாள்.
காலிப் புட்டிகள் ஒன்பது கொண்டுவந்திருந்தாள், கழுவி.
"மாத்திரையை நிறுத்தாதே என்று சொன்னாரா?
எப்போது சொன்னார்?"

விசாரணையில் கம்பெனி வக்கீல் எழுந்தார்.
"சொல்லியிருக்கிறோம். பதிவு இருக்கிறது.
ஒரு சொல் குறையவில்லை."
குறையவில்லைதான்.
எண்ணியவள் நான்.

தலைவர் ஒஃபோரிவா கண்ணாடியைக் கழற்றினார்.
"மிஸ்டர் டார்க்வா, அந்தக் கடைசி வரிகளை வாசியுங்கள்.
தக்காளிக்காரியை எழுப்பும் குரலில்."

வக்கீல் ஆட்சேபித்தார்.
மின்விசிறி மட்டும் அதைக் கேட்டுக்கொண்டது.

இது
மருத்துவர் ஆலோசனைக்கு
மாற்று
அல்ல.

பலன்
ஆளுக்கு ஆள்
மாறும்.

மாத்திரையை

இங்கே தண்ணீர் கேட்டார்.
மேசையில் ஒன்பது புட்டிகளும் வெயிலை வாங்கி
அவர் சட்டைமேல் பச்சையாய் ஆடவிட்டன.

மாத்திரையை
நிறுத்தாதீர்கள்.

அழுத்திப் பார்த்தேன்: முப்பத்தெட்டு விநாடி.
அத்தனை வருஷத்தில் அன்றுதான்
அந்தக் குரலுக்குள் ஓர் ஆள் இருப்பது கேட்டது.

உத்தரவு ஒரே வரி:
ஆசை காட்டிய அதே குரலில், அதே வேகத்தில்,
அதே நேரத்தில் எச்சரிக்கை.
அபராதம், ஒரு பழைய காரின் விலை.
காலுக்கு விலை போட
அந்த அறைக்கு அதிகாரம் இல்லை.
வக்கீல் கணக்கு யந்திரத்தைத் தட்டினார்:
விநாடிக்கு இவ்வளவு, முப்பத்தெட்டு விநாடிக்கு எவ்வளவு.
முகம் சுளித்தார்.
உண்மை அவருக்கு வலித்தது
அந்த ஒரு பெருக்கலில்தான்.

அச்சியா புட்டிகளைத் திருப்பிக் கேட்டாள்,
மிளகாய்த் தொக்கு அடைக்க.
லேபிளோடு தர விதியில்லை என்றார்கள்.
சாயங்காலம் வரை படிக்கட்டில் உட்கார்ந்து
நாலணாக் கனமுள்ள ஒரு நாணயத்தால்
சுரண்டிக்கொண்டிருந்தாள்,
ஓர் அவசரமும் இல்லாமல்.

மூன்று வாரம் அமைதி.
பிறகு ஒரு திங்கள், ஐந்து நாற்பது, வேறு நிலையம்,
வேறு குரல், இளசு:
"எட்டு வேர் டானிக்!"
எச்சரிக்கை இருந்தது. நிதானமாக இருந்தது.
முழுதாக முப்பத்தெட்டு விநாடி,
ஆறு முரசுகளின் அடியில்.

வேகம் என்ற கட்டத்தில் "சரி" என்று எழுதினேன்.
சத்தம் என்று தாளில் கட்டமே இல்லை.

அளவுகோலை எடுத்து
ஓரத்தில் ஒரு கோடு போட்டேன்.