மருதமரம் வரை

வர்த்தமானியில் எல்லை இப்படி ஓடுகிறது:
வடக்கே பழைய ஆஸ்பத்திரி வீதி,
கிழக்கே வாவியின் நீர்க்கரை,
அங்கிருந்து தென்மேற்காக மருதமரம் வரை,
மருதமரத்திலிருந்து
உடைந்த மதகு வரை.

உடைந்த மதகு என்றேதான் அச்சிட்டிருக்கிறார்கள்.
யாராவது அதைத் திருத்திக் கட்டிவிட்டால்
எல்லை என்னாகும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை.
அவர் செய்தது சரி. இன்றைக்கும் உடைந்துதான் கிடக்கிறது.

கச்சேரியின் மேல்மாடியில்
ஏசி ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு
இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று போடுகிறேன்.
தொகைமதிப்புக்காரரின் கோடு சிவப்பு,
தேர்தல் கந்தோரின் கோடு நீலம்.
வீதி நெடுக ஒரே கோடாகக் கிடந்தவை
நீர்க்கரையில் பிரிகின்றன,
மதகில் திரும்பச் சேர்கின்றன.
இடையில் ஒரு துண்டு, முரல் மீன் கிடப்பதுபோல்.
வயிற்றில் அகலம் நாற்பத்தொரு மீற்றர்.

சிவப்புக்கு அந்தப் பக்கம் வடக்குப் பிரிவு,
நீலத்துக்கு இந்தப் பக்கம் தெற்குப் பிரிவு,
மீனுக்குக் குறியீட்டெண் இல்லை.
பிழை: ஒன்று, என்கிறது கணினி.

வலையிறவுப் பாலம் தாண்டிப் போனேன்.
மரம் எங்கே நின்றது என்று கேட்டேன்.

"எழுபத்தெட்டுச் சூறாவளியோட போன மரம்,
இஞ்சதான் நிண்டது" என்றார் அழகிப்போடி.
வர்த்தமானியின் ஆண்டு எண்பத்தாறு.
"இல்ல, காம்ப் அடிக்கக்குள்ள வெட்டினது,
அந்தா, அங்கால" என்றான் பால் எடுக்க வந்த நிமலதாசன்.
நெல் ஏற்ற வந்து நின்ற இஸ்மாலெவ்வை
லொறியிலிருந்து இறங்காமலே, யாரும் கேட்காமலே,
"அது மருதில்ல, வம்மி.
எங்கட வாப்பா அதுக்குக் கீழதான் வண்டில் அவிழ்க்கிற" என்றார்.
கிராம சேவகர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"நான் போன தையிலதான் மாற்றலாகி வந்தனான்."

மீனின் வயிற்றுக்குள்
ஒரு வீடு இருந்தது.

யோகலெட்சுமி, செங்கல் வாடியில் வேலை,
ஒரு கிணறு, ஏழு கோழி.
"கணக்கெடுக்க ரெண்டு பிள்ளையள் வந்தாங்க மனே.
வேலிக்கு வெளிய நிண்டு
நீ எழுது, இல்ல நீ எழுது எண்டு கதைச்சாங்க.
பிறகு மழை வந்திட்டு."
அப்படியானால் வோட்டு?
"வோட்டெண்டா வேன் வரும்.
அதுக்கென்ன எல்லை?"

ஜீபிஎஸ் செய்மதிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது
அவள் கேட்டாள்:
"வெள்ளம் வந்தா, சாமான்
எந்தக் கோட்டுப் பக்கம் வருது?"

அது எனக்குத் தெரியும்.
வடக்குப் பிரிவுக்குத் தோணி வரும்.
தெற்குப் பிரிவில், தண்ணீர் வற்றிய பிறகு
படிவம் வரும்.

எனக்கு அவ்வளவு அதிகாரம் இல்லை
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவள் அதற்குள் கிணற்றடிக்குப் போய்விட்டாள்,
எனக்குக் குடிக்கத் தண்ணீர் அள்ள.

கந்தோரில் வாளி வழிந்து
கேபிள்வரை வந்திருந்தது.
துடைத்துவிட்டு உட்கார்ந்து
மரத்தை நட்டேன்.
ஒரு கிளிக். அவளுடைய கிணற்றுக்குத் தெற்கே
பதினொரு மீற்றரில்.
மருதோ வம்மியோ, நிற்கட்டும்.
சிவப்பு வந்து தொட்டது, நீலமும் வந்து தொட்டது,
மீன் இல்லை.
பிழை: பூச்சியம்.

தண்ணீர் நல்ல உவர்.
அதை எழுத எந்த லேயரும் இல்லை.

என்றைக்காவது ஒருவர் இந்தப் படத்தைத் திறந்து
அழகிப்போடி காட்டிய இடத்திலும் இல்லாமல்
நிமலதாசன் காட்டிய இடத்திலும் இல்லாமல்
எல்லை இங்கே ஏன் முழங்கை மடிக்கிறது என்று கேட்பார்.
குறிப்புக் கட்டத்தில் முப்பது எழுத்துக்குத்தான் இடம்.
"மருதமரம். களத்தில் இல்லை" என்று போட்டேன்.
இல்லாதது மரமா, நானா என்று
அவரே போய்ப் பார்த்துக்கொள்ளட்டும்.
மாரியில் போனால்
தோணி எடுக்க வேண்டும்.