குறுக்குச் சால்

காற்று வேண்டும்.
சருகுகள் ஒன்றோடொன்று
சண்டை பிடிக்கிற காற்று.
அப்போதுதான் என் காலடியும்
சருகுகளில் ஒன்றாகும்.

நெப்ராஸ்கா, நவம்பர் முதல் வாரம்.
வெர்லின் கூபிச்செக்கின் மக்காச்சோளம்
நூற்றறுபது ஏக்கர், அறுக்காமல் நிற்கிறது.
மணியில் ஈரம் பதினெட்டு.
பதினைந்துக்கு இறங்கட்டும் என்கிறான்.
அவன் பொறுமை தீரும்வரை
இது காடு.

சாலோடு நடப்பவரை
அரை மைல் முன்பே மான் பார்த்துவிடும்.
நான் குறுக்கே போகிறேன்.
முகத்தை மட்டும் தண்டுகளுக்கிடையே நீட்டி
இடம் பார்த்து, வலம் பார்த்து,
ஒன்றுமில்லையென்றால் ஓர் அடி.
முதலில் வில், பிறகு தோள்,
பிறகு, பிறர் வீட்டு நடுச்சாமத்தில் நுழைவதுபோல்
மிச்சமிருக்கிற நான்.

நூற்றுப் பன்னிரண்டு சால்வரை எண்ணினேன்.
தானியக் கிடங்கின் எடைமேடையில்
நாள் முழுக்க லாரி எண்ணுகிறவள்.
எண்ணிக்கை தவறியது
நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையாவதோ ஒரு சாலில்
ஒரு காது.

காது மட்டும்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்:
மண்ணாக இருந்தது முதுகாயிற்று,
முறிந்த தண்டுகள் கொம்பாயின.
காற்று வரும் பக்கம் முதுகு,
போகும் பக்கம் கண்,
இரண்டுக்கும் நடுவே
பதினாறு தப்படியில் நான்.

காற்று நின்றது.

மெல்லக் குறைந்து நிற்கவில்லை.
பேச்சுக்கு நடுவே
எழுந்து வெளியே போய்விட்டவர்போல் நின்றது.

இந்தச் சாலில் ஒரு கால், அந்தச் சாலில் ஒரு கால்.
இடையில் நிற்கும் தண்டு வயிற்றில் அழுந்துகிறது.
இடது காதருகே ஒரு காய்ந்த இலை.
மூச்சை வேகமாக விட்டால் அது பேசிவிடும்.

மான் அசைபோட்டது.
கழுத்துக்குள் ஓர் உருண்டை
மேலேறி வருவதைக் கண்டேன்.
இப்படிப்பட்ட நேரத்தில்
பெரிதாக ஏதோ புரியும் என்பார்கள்.
எனக்கு முழங்கால் வலித்தது.
எரிவாயு பில் கட்டவில்லை என்பது
நினைவுக்கு வந்தது.
மூக்கு ஒழுகி உதட்டுக்கு வந்தது,
உப்பாக இருந்தது, துடைக்கவில்லை.

நாற்பது நிமிடம் இருக்கலாம். பத்தாகவும் இருக்கலாம்.

தெற்கு ஓரத்தில் இரும்பு இருமியது.
வெர்லினின் பொறுமை தீர்ந்துவிட்டது.
அறுவடை மெஷின், ஒரே வாயில் பன்னிரண்டு வரிசை.
மான் ஒரு காதை அந்தப் பக்கம் திருப்பியது,
கண்ணைத் திருப்பவில்லை.
மெஷின் என்றால் மெஷின்,
அதற்குத் தெரியும்.
அந்தச் சத்தத்துக்குள்
தூக்கிய காலை இறக்கினேன்.
நாணை இழுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது:
நான் உள்ளே இருப்பது
வெர்லினுக்குத் தெரியாது.
என் வண்டியை வடக்கே
ஓடைக்கரைச் சரிவில் நிறுத்தியிருந்தேன்,
யாரும் பார்க்கக் கூடாதென்று.
உடுப்பு காய்ந்த பயிரின் நிறம்.
ஒளிவதில் அவ்வளவு கவனம்.

விட்டேன்.
பயத்திலா, பசியிலா, தெரியாது.
அம்பு பாதி வழியில் எதையோ தொட்டு
‘டக்’ என்று திரும்பி
பயிருக்குள் போயிற்று.

மான் எழுந்தது. ஓடவில்லை.
என்னைப் பார்த்தது, மெஷினைப் பார்த்தது,
எது பெரிதென்று முடிவுசெய்ததுபோல்
தலையை மட்டும் அடுத்த சாலுக்குள் நீட்டி
இடம், வலம்,
பிறகு குறுக்கே.

நான் சாலோடு ஓடினேன்,
இரு கைகளையும் தூக்கிக்கொண்டு,
வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திக்கொண்டு.

வெர்லின் கதவைத் திறந்து
வெகுநேரம் பார்த்தான்.
“மார்லிஸ், எத்தனை மணியிலிருந்து உள்ளே?”
“ஏழு.”
“கிடைத்ததா?”
“அம்பு ஒன்று போய்விட்டது.”
இருட்டும்வரை இருவரும் தேடினோம். இல்லை.

மறுநாள் அவன் லாரி
என் மேடையில் ஏறியது.
ஈரம் பதினேழு என்று எழுதினேன்.
எடையில்
அம்பைக் கழிக்கவில்லை.