தேரி, தேறி

தாமானுக்கு வருகிற யாரும்
முதலில் என்னிடம்தான் நிற்க வேண்டும்.
பெயர், ஊர், எந்த வீடு, என்ன காரியம்.
வாடகைக் காரில் வந்த வெள்ளைக்கார அம்மாள்
ஷீலா என்றாள்.
எங்கள் பெயராச்சே என்றேன்.
இல்லை, எங்கள் பெயர் என்றாள்.

ஊர் என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
அவள் ஊருக்கு இரண்டு பெயராம்.
லண்டனை முன்னால் ஒட்டிச் சொன்னால் ஒரு கட்சி,
ஒட்டாமல் சொன்னால் மறு கட்சி,
வாயைத் திறந்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.
எனக்கு இது புதிதா?
மேல் லயமா கீழ் லயமா என்று
கேட்டே வளர்ந்தவள் நான்.
டெரி என்று எழுதினாள், சின்ன எழுத்தில்.

இந்த மண்ணுக்கும் அதுதான் பெயர்.
பீடோரிலிருந்து ஆறாம் கட்டை, லண்டன்டெரி தோட்டம்.
எந்தத் துரை வைத்தானோ.
என் அம்மா பேச்சிக்கனி, திருச்செந்தூர்ப் பக்கம்,
எட்டு வயதில் கப்பலிறங்கியவள்.
அவள் காதில் விழுந்தது தேரி.
காலைச் சுடுகிற செம்மணல் மேடு,
காற்றடித்தால் இடம் மாறுமே, அது.
வந்து தேடியிருக்கிறாள்.
வழுக்குகிற களிமண், அட்டை.
ஷீலாவின் பழைய மொழியிலோ அது ஓக் மரத்தோப்பாம்.
தோப்புதான் இங்கேயும்.
பால் வடிகிற மரம்.

போனில் படம் காட்டினாள். மதில்.
நானூறு வருஷம், ஒருவனும் இடித்து நுழைந்ததில்லை.
மேலேயே நடக்கலாம், சுற்றினால் ஒரு மைல்.
ராஜாவின் படை வருகிறதென்று
பெரியவர்கள் யோசித்துக்கொண்டிருக்கையில்
தொழில் பழகும் பையன்கள் பதின்மூன்று பேர்
ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்களாம்.
அடுத்த கோடையில் முற்றுகை. நூற்றைந்து நாள்.
உள்ளே எல்லாவற்றுக்கும் விலை வந்தது.
எலி ஒரு ஷில்லிங்.
நாய்த்தலை இரண்டரை.
மதில்மேல் பூனை நாலரை,
எந்தப் பக்கம் குதிக்குமென்று யாரும் காத்திருக்கவில்லை.

நானும் விடவில்லை.
எங்களுக்கும் மதில் இருந்தது, முள்கம்பியில்.
அவசரகாலம், ஐம்பத்தொன்று.
ஆறு மணிக்குச் சாத்தினால் சாத்தினதுதான்.
காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடுமென்று
அரிசியை அளந்தார்கள்,
டின்னைத் துளைத்துக் கொடுத்தார்கள்,
விடியலில் மரம் வெட்டப் போகிற பெண்களின்
கொண்டையை அவிழ்த்துப் பார்த்தார்கள்.
அம்மாவின் முந்தியில் ஒருநாள் ஒரு பிடி அவல்.
சிவப்பு முடிக்காரன் ஒருவன் அதை மண்ணில் உதறினான்,
கோழிகள் வந்தன.

ஷீலா போனை அணைத்தாள்.
அப்பா இங்கே கதவில் சார்ஜென்ட் என்றாள்.
அவர் பிறந்தது மதிலுக்கு வெளியே, கீழே, சதுப்பில்.
வருஷா வருஷம் உள்ளே ஜெயித்தவர்களின் ஊர்வலம்
தலைக்கு மேலே முரசடித்துப் போகும்,
சில்லறையை எறிவார்களாம் கீழே பார்த்து.
கடைசிவரை அவர் அரிசிச்சோறு தொடவில்லையாம்.
முடி என்ன நிறம் என்று கேட்க
நாக்கு வரை வந்தது.
மழை வரும்போலிருக்கிறது என்றேன்.

அந்தப் பழைய கதவைக் காட்டுவாயா?
நீங்கள் நிற்கிற இடம்தான்.
உள்ளே போக முடியாது.
போக ஒரு வீடு இருக்க வேண்டும்.
எனக்கும் இல்லை, சம்பளம்தான் இருக்கிறது.
வெளியே முனியாண்டி இருக்கிறார்,
தாமான் சுவர் கட்டும்போது விட்டுவிட்டுக் கட்டினார்கள்,
வாருங்கள் என்று கூட்டிப்போனேன்.

கோயில் பலகையில்
எவனோ பெயிண்டர் எழுதியது:
லண்டன்தேறி தோட்டம்.
விரலை வைத்து என்ன என்றாள்.
எழுத்துப் பிழை.
கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி சொன்னேன்,
காய்ச்சலில் படுத்து எழுந்தவனை,
பிழைக்க மாட்டான் என்று விட்டவனை
அப்படிச் சொல்வோம், தேறிவிட்டான் என்று.
மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்,
றகரம் வரவில்லை. இன்னொரு முறை.

திரும்பிப் பார்த்தேன்.
தடுப்புக்கட்டை மேலேயே நின்றது.
ரொட்டிக்காரன் மோட்டாரில்
பெயர் எழுதாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தான்.