தெற்கு என்றால் கீழே

இடமாற்றக் கடிதம் வந்த அன்று
படத்தில் விரல் வைத்துக் காட்டினேன்:
இது மல்லாவி. இது திருகோணமலை.
ஒன்றரை விரல் தள்ளி, தெற்கே, கடலோடு.
"தெற்கெண்டால் கீழயா அம்மா?"
படத்தில் கீழேதான் என்றேன்.
"அப்ப லொறி தானா உருளும்."
யதுநந்தனுக்கு ஐந்து வயதும் இரண்டு மாதமும்.
நிவேகாவுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை;
அவளுக்குத் திசையே நான்தான்.

வீடு முதலே பார்த்திருந்தோம், மூன்று ஞாயிறுகள்.
முதல் வீட்டுக்காரர் பிள்ளைகளை எண்ணினார்.
அடுத்ததில் ஆறு மாத அட்வான்ஸ்,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
இன்னொன்றில் எல்லாம் சரி,
யன்னலைத் திறந்தால் வேறொருவரின் சமையலறை.
கடைசியில் ஜெஸீமா ராத்தா,
உவர்மலை அடிவாரத்தில்,
திறப்பைக் கையில் தந்துவிட்டுத்தான்
வாடகையே சொன்னா.
"கிணத்துத் தண்ணி உப்பு புள்ள, பேரே உவர்மலைதானே.
பைப்புல விடியக்காலம் வரும், பிடிச்சு வைங்க."

லொறி தானாக உருளவில்லை.
ஹொரவப்பொத்தானையில் ரேடியேற்றர் கொதித்து நின்றது.
சாரதி தண்ணீர் தேடிப் போன நேரம்
தையல் மெஷினுக்கும் கட்டில் காலுக்கும் நடுவில்
குந்தியிருந்து பால் கொடுத்தேன்.
வீதியோரம் சோளம் அவித்து விற்றவள்
தன் குடையைக் கொண்டுவந்து எங்கள்மேல் பிடித்தாள்.
காசு நீட்டினேன்.
சோளத்துக்கு எடுத்தாள், குடைக்கு எடுக்கவில்லை.

வீட்டு ஒழுங்கையைத் தவறவிட்டு
சாரதி மேட்டில் ஏற்றத் தொடங்கினார்.
முன் சீட்டிலிருந்து ஒரு குரல்:
"கீழ எண்டு சொன்னீங்கள். இது மேல போகுது."
உச்சியில்
கடல் இந்தப் பக்கமும் இருந்தது, அந்தப் பக்கமும் இருந்தது.
இதில் எது எங்கட கடல் என்றான்.
தவரூபன் என்னைப் பார்த்தார்,
நான் சாரதியைப் பார்த்தேன்,
சாரதி ரிவேஸ் போட்டார்.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில்
வந்த மறுநாளே யாருடையவோ இரத்தம் என் கையில்.
அவருக்குத்தான் வேலையில்லை.
மல்லாவியில் போன் திருத்தும் கடை வைத்திருந்தவர்
இங்கே பால் போத்தல் அவித்தார், கொடி கட்டினார்,
கேற்றுக்கு எண்ணெய் விட்டார்,
திறந்து மூடிப் பார்த்தார்,
மறுபடியும் எண்ணெய் விட்டார்.
ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை.
அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பெயின்ற் வாளியில் மடியில் வைத்துக் கொண்டுவந்த
கறிவேப்பிலைக் கன்றை
கேற்றுக்கு வெளியே வெயிலுக்கு வைத்திருந்தேன்.
நாலாம் நாள் விடிய, ஒரு புள்ளிமான்
உரிமையோடு நின்று தின்றுகொண்டிருந்தது.
விளக்குமாறோடு ஓடிப்போன தவரூபன்
பாதியில் நின்றுவிட்டார்.
அது ஓடவில்லை. டவுன் மான்;
பஸ்ஸுக்கே ஒதுங்காது.
கடைசி இலையையும் மென்று
எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தது.
"அட்வான்ஸ் எடுத்திட்டுது" என்றார்.
வீடு மாறிய பிறகு
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.
யதுநந்தன் தண்டை எண்ணிவிட்டு வந்தான்:
ஒன்று.

இரவில் துறைமுகத்தில் கப்பல் ஊதும்.
முதல் கிழமை நிவேகா துடித்தெழுந்து அழுதாள்.
பிறகு ஒருநாள் அதே சத்தத்தைத் திருப்பி ஊதினாள்.
அவளுடைய முதல் சொல்
அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை:
"ஊ."

மத்திய வீதியில் ஒரு செருப்புக் கடை வாசலில்
அவருக்கு இப்போது அரை மேசை.
மற்ற அரை மேசையில் குடை திருத்துபவர்.
மழைக்காலம் அவருக்கு, மற்றக் காலம் எனக்கு என்கிறார்;
கணக்கு எப்படியென்று நான் கேட்கவில்லை.

நேற்று என் தம்பி வந்தான்.
பைப் தண்ணீர் முடிந்திருந்தது,
கிணற்றில் அள்ளித்தான் தேத்தண்ணி போட்டேன்.
ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.
"இதென்னக்கா, உப்பு?"
மூன்று பேரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தோம்.
யதுநந்தன் இன்னொருமுறை உறிஞ்சி,
நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்து,
"எங்க?" என்றான்.