கொசுறு

அறுபத்தைந்தாயிரம் ரேண்ட் என்றார் ஃபூரி,
கேரவனைப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடி.
போர்ட் ஷெப்ஸ்டனில் அன்று நல்ல காற்று.
"ஒருநாளும் மழையில் நின்றதில்லை."
சக்கரத்தடிப் புல் வேறு மாதிரி சொன்னது.

சத்தியசீலனுக்கு வழியிலேயே சொல்லியிருந்தேன்:
பிடித்தாலும் முகத்தில் காட்டாதே.
ஏறியவுடனே மெத்தையில் உட்கார்ந்து
"அடடே, காலை நீட்டலாம்" என்கிறார் மனுஷன்.
அந்த ஒரு வார்த்தைக்கு இரண்டாயிரம் போச்சு.

இருபத்தாறு வருடம் பைன்டவுனில்
அடிபட்ட வண்டிகளுக்கு விலை போட்டவள் நான்.
பெயின்ட் பேசும்; எனக்குக் கேட்கும்.
கட்டைவிரலால் சுவரை அழுத்திக்கொண்டே போனேன்,
ஜன்னலுக்குக் கீழே, கூரை மடிப்பில், அலமாரிக்குள்.
பின்மூலையில் பலகை
டீயில் தோய்த்த ரஸ்க் போல உள்வாங்கியது.
"ஈரம்," என்றேன். "ஒன்பதாயிரம்."
"அது வெறும் கறை."
நீங்களே அழுத்திப் பாருங்கள் என்று நகர்ந்து நின்றேன்.
அழுத்தினார்.
அப்புறம் விரலைக் கால்சட்டையில் துடைத்தார்.

டயரின் பக்கவாட்டில் நாலு எண்,
எந்த வாரம் எந்த வருடம் என்று.
என் ஓய்வூதியத்தைவிட மூத்த டயர்.
ஸ்பேரும் சேர்த்து மூன்றுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
ஃப்ரிட்ஜ் கரண்டில் குளிர்கிறது, கேஸில் குளிரவில்லை:
நாலாயிரம்.
ரஸ்க் டப்பா மூடியில் பென்சிலால் கழித்துக் காட்டினேன்.
நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.

ஐம்பத்தெட்டு என்றார்.
டீ கொண்டுவந்தார். ஐம்பத்தைந்து என்றார்.
திரைச்சீலை மரீட்டா தைத்தது,
போன ஆகஸ்டில் போய்விட்டாள் என்றார்.
திரைக்கு நான் ஒன்றும் கழிக்கவில்லையே என்றேன்.
சத்தியசீலன் இருமினார்.
இரக்கம் வந்தால் அவருக்கு இருமல் வரும்.

கேஸ் சான்றிதழ் தேடி
இருக்கைக்கு அடியில் இழுப்பறையைத் திறந்தபோதுதான்
அந்தத் தாள் வந்தது, ஒரு வரைபடத்தோடு ஒட்டிக்கொண்டு.
கடற்கரைக் கேரவன் பூங்கா. டிசம்பர் எண்பத்திரண்டு.
பதினான்கு இரவு. இடம் எண் முப்பத்தொன்று.
அடியில், இரண்டு மொழியிலும்,
வெள்ளையருக்கு மட்டும்.

அதே டிசம்பரோ, அதற்கு அடுத்ததோ,
அந்த வேலிக்கு வெளியே தார்ரோட்டில்
அப்பா காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு,
பிரியாணி டப்பாவைத் திறந்தார்.
கண்ணாடிக்குள்ளும் கடல் கேட்டது.
இதை நான் ஃபூரியிடம் சொல்லவில்லை.

அவர் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டார்.
காது சிவந்தது.
"நாற்பத்தைந்து," என்றார் மெதுவாக.
"எடுத்துக்கொள்ளுங்கள். அது போதும்."

சந்தையில் கறிவேப்பிலையைக் கொசுறாகப் போட்டால்
வாங்கிக்கொள்வேன்; போடாவிட்டால் கேட்டு வாங்குவேன்.
இது அந்தக் கொசுறு இல்லை.
மூவாயிரத்து ஐந்நூறு.
மூன்று டயர் விலையில்
ஒரு டிசம்பரைக் கழற்றிவிடப் பார்க்கிறார்.

"ஈரத்துக்குக் கழித்தாயிற்று," என்றேன்.
"டயருக்குக் கழித்தாயிற்று.
இதற்கு என்னிடம் கணக்கு இல்லை, மிஸ்டர் ஃபூரி.
நாற்பத்தெட்டரை.
இழுப்பறையை மட்டும் காலி செய்து கொடுங்கள்."

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
எறிவாரா வைத்திருப்பாரா, தெரியாது.
நோட்டுகளை எண்ணினார். மறுபடி எண்ணினார்.
நானும் அவர் உதட்டோடு சேர்ந்து எண்ணினேன்.

"அந்த மடக்கு நாற்காலி இரண்டும்?" என்றேன்.
முதல்முறையாகச் சிரித்தார். "கொசுறா?"
அப்படி ஒரு சொல் அவர் மொழியில் இல்லை;
அவர் கேட்டது வேறு ஏதோ. அர்த்தம் இதுதான்.

கொக்கி மாட்டி, ஒயர் சொருகி,
சத்தியசீலன் முன்னால் இருந்து விளக்கைப் போட்டார்.
பின்னால் நின்று பார்த்தேன்.
பிரேக், சரி. வலது, சரி.
இடது எரியவில்லை.

ஃபூரியைப் பார்த்தேன்.
ஒன்றும் கேட்காமலே
இருநூறு ரேண்ட் நோட்டை நீட்டினார்.
பல்பு விலை முப்பது.
மீதியைச் சில்லறையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு
ஏறி உட்கார்ந்தேன்.