மூன்றில் ஒன்று பொய்

பம்பலப்பிட்டி ஓட்டலின் ஏழாம் மாடியில்
கடலை மறைத்துத் திரை இழுத்திருக்கிறார்கள்,
புரொஜெக்டர் தெளிவாய்த் தெரியவேண்டுமாம்.
ஏசி பதினெட்டில் நிற்கிறது.
இருபத்தாறு பேர், வட்டமாய் நாற்காலிகள்,
எல்லோர் கழுத்திலும் பெயர் அட்டை.
எனக்கு அட்டை இல்லை. மைக் உண்டு.

முதலில் ஐஸ் உடைப்போம் என்கிறார் இரோமி, ஆங்கிலத்தில்.
கையேட்டில் ‘கூச்சம் களைதல்’ என்று அச்சடித்திருந்தது.
எனக்கு வாய் வரவில்லை.
ஐஸ் உடைப்போம் என்றே சொன்னேன்.
பேசாலையிலிருந்து வந்த பெர்பெத்தம்மா நிமிர்ந்தார்:
“கட்டி எங்க? நான் கோடாலி கொண்டு வரேல்லையே.”
சிங்களம் சிரித்து முடித்த பிறகு
ஆங்கிலம் தனியாகச் சிரித்தது.

பெயரின் முதலெழுத்தில் ஒரு குணம் சொல்லவேண்டும்.
“ஹெப்பி ஹேமசிறி” என்றார் வெலிகமைக்காரர்.
மகிழ்ச்சியான ஹேமசிறி என்றேன்.
எழுத்து பாணந்துறையிலேயே இறங்கிவிட்டது.
பொகவந்தலாவைக் கனகவள்ளி
நெடுநேரம் யோசித்து
“கடன்காரக் கனகவள்ளி” என்றாள்.
நான் வாய் திறக்குமுன் இரோமி கைதட்டிவிட்டார்.

பிறகு சிவப்புக் கம்பளி நூற்பந்து.
நுனியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவருக்கு எறிய
நடுவில் ஒரு வலை.
நாம் எல்லோரும் இணைந்திருக்கிறோம், என்றேன் இரோமிக்காக.
“இந்தக் கண்ணில ஒரு மீனும் நிக்காது”
என்றேன் பெர்பெத்தம்மாவுக்காக.
பந்து இரண்டு முறை என் தலைக்கு மேலால் போனது.

மூன்று வசனம் சொல்லுங்கள்.
இரண்டு உண்மை, ஒன்று பொய்.

யார் பேசினாலும் நான் ‘நான்’ என்றுதான் சொல்லவேண்டும்,
அதுதான் இந்தத் தொழிலின் விதி.
ஒரு மணி நேரத்துக்குள்
எனக்குக் கல்யாணமாகி நாலு பிள்ளைகள்,
எனக்குக் கல்யாணமே ஆகவில்லை,
பிரதேச சபைக்கு நின்று இரண்டு தரம் தோற்றேன்,
பாம்பு கடித்தும் சாகவில்லை,
முட்டை சாப்பிட்டால் தடிப்பு வரும்.

எல்லாப் பொய்யும் பிடிபட்டது.
புத்தளத்து ரிஸ்மியாதான் போட்டுடைத்தாள்:
“பேசுறவங்களைப் பாக்காதீங்க, இந்த மிஸ்ஸைப் பாருங்க.
பொய் வந்தா இடப்பக்கப் புருவம் ஏறுது.”
எது பொய் என்று எனக்கே தெரியாது.
புருவத்துக்குத் தெரிந்திருக்கிறது.
இதையும் இரண்டு மொழியில் சொல்லவேண்டியிருந்தது.

கடைசியாய்ப் பெர்பெத்தம்மா.
“எனக்கு நீந்தத் தெரியாது.
இருபத்தேழு வருசமா ஐஸ் உடைக்கிறன்.
என்ர மகன் இங்கதான், ரெண்டு தெரு தள்ளி வேலை,
பின்னேரம் என்னைப் பாக்க வாறான்.”

அறை முழுக்க என் நெற்றியில்.
புருவத்தைக் கல்லாய் வைத்துக்கொண்டேன்,
பதினொரு வருடத் தொழிலில் முதல் தடவை.
நீந்தத் தெரியாதது, நீந்தத் தெரியாததுதான் பொய்
என்றது சபை, மீன்காரியாயிற்றே.
அவர் கொஞ்சம் பொறுத்து
“ஓம், அதுதான்” என்றார்.
ஆமாம், அதுதான், என்றேன் மற்ற இரண்டிலும்.

தேநீர் இடைவேளையில் யாரோ திரையை ஒதுக்கியிருந்தார்கள்.
நூல் இன்னும் தரையில்.
ஓட்டல் பையன் சிக்கெடுத்துப் பார்த்து, முடியாமல்,
கத்தரிக்கோல் எடுத்துவரப் போனான்.

“ஐஸ் உடைக்கிறதுக்கும் ஒரு கணக்கிருக்கு, பிள்ளை.
மாவா இடிச்சா பேலியகொடை போக முந்தித் தண்ணி.
கொஞ்சத்தைக் கட்டியா விடோணும்.”

நான் தலையாட்டினேன்.
மொழிபெயர்க்க ஒருவரும் இல்லை.

“உம்மட மூண்டைச் சொல்லும்.”

மைக் மேசையில் கிடந்தது.
சொன்னேன், மூன்றையும், மெல்ல, தமிழில்.
‘நான்’ என்று தொடங்கவே ஒரு தரம் தடுக்கியது.
அவர் என் புருவத்தைப் பார்க்கவில்லை.
கீழே களுத்துறைப் பக்கம் போகும் ரயிலில்
கதவோரம் தொங்குகிறவர்களைப்
பார்த்துக்கொண்டே நின்றார்.
பிறகு, பிளேன்ரீக்குச் சீனி காணாது என்றார்.